எடைத்தராசும் ஏடும்: ஒரு மிதிவண்டித் திரட்டு கலையும்போது

பழைய கம்பி பிரேக் மிதிவண்டி ஒன்றின் எடை ஏறத்தாழ 20 கிலோ. நாற்பது வண்டிகளைச் சேர்த்து வைத்துவிட்டு ஒருவர் இறந்துபோனால், பழைய இரும்பு வாங்குபவரின் கணக்கில் அவர் விட்டுச்சென்றது 800 கிலோ இரும்பு. மகனின் கணக்கில் அது வாடகைக்கு விட முடியாமல் அடைபட்டுக் கிடக்கும் ஓர் அறை. மனைவியின் கணக்கில், நாற்பது ஆண்டு இல்லறத்தில் வீட்டுக்குச் சேராமல் போன பணம். தொழில்நுட்ப வரலாறு பயிலும் மாணவரின் கணக்கில், வேறெங்கும் எழுதி வைக்கப்படாத ஓர் ஆவணக் காப்பகம். இந்த நான்கு கணக்குகளும் ஒரே இடத்தில் சந்திப்பது விற்பனையின்போதுதான். அந்தச் சந்திப்பு பெரும்பாலும் ஒரு வார இறுதியில் முடிந்துவிடுகிறது.

இந்திய மிதிவண்டி வரலாற்றை எழுதுவோர் இதுவரை அதிகம் நம்பியிருப்பது இறக்குமதிப் புள்ளிவிவரங்கள், தீர்வை விசாரணை அறிக்கைகள், நாளிதழ் விளம்பரங்கள் ஆகியவற்றையே. டேவிட் அர்னால்டு 2013இல் வெளியிட்ட ‘எவ்ரிடே டெக்னாலஜி’ என்னும் நூல், இரயில், அணைக்கட்டு, தந்தி முதலிய பேரமைப்புகளிலிருந்து தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை, மிதிவண்டி ஆகிய சிறு இயந்திரங்களை நோக்கி ஆய்வாளர்களின் பார்வையைத் திருப்பியது. ஆயினும் பார்வை திரும்பிய அளவுக்குப் பொருள்கள் காப்பகங்களுக்கு வந்து சேரவில்லை. அரியானாவின் தாவடு அருகே 2013இல் திறக்கப்பட்ட பாரம்பரியப் போக்குவரத்து அருங்காட்சியகம், புனேயில் தனியார் முயற்சியால் உருவான விக்ரம் பெண்ட்சே மிதிவண்டி அருங்காட்சியகம் போன்றவை விதிவிலக்குகள். மற்றபடி இந்தியாவின் பழைய மிதிவண்டிகள் இருக்குமிடம் தனிமனிதர்களின் தாழ்வாரம், மொட்டைமாடி, மாட்டுத்தொழுவம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. மிதிவண்டி இந்தியாவில் இன்னும் ‘பழம்பொருள்’ ஆகிவிடவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் குடும்பங்களில் 44.8 விழுக்காட்டினரிடம் மிதிவண்டி இருந்தது. தெருவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்க எந்த நிறுவனத்துக்கும் எளிதில் தோன்றுவதில்லை. ஆகவே திரட்டும் பணி தனிமனிதர்களின் வேட்கையாகவே நிகழ்ந்தது. மிதிவண்டி நகரம் என்று பெயர்பெற்ற புனேயை எடுத்துக்கொள்ளலாம். 1970களில் லூனா மொபெட் அந்நகரத்தில்தான் பிறந்தது. பஜாஜ் ஸ்கூட்டர்களின் பெரிய ஆலையும் அதன் அருகே ஆகுர்டியில்தான் இருந்தது. அத்தகைய நகரங்களில் மக்கள் மிதிவண்டியைக் கைவிடத் தொடங்கியபோதுதான் சிலர் அதைச் சேர்க்கத் தொடங்கினர். மலிவாகக் கிடைத்தது, யாருக்கும் தேவைப்படவில்லை. அந்தத் தலைமுறை இப்போது மறைந்துகொண்டிருக்கிறது. அவர்கள் திரட்டியவை வாரிசுகளின் கைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

வாரிசுகள் அறையைத் திறந்ததும் நிகழும் முதல் தரம்பிரிப்பு ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஒன்றே: ‘இங்கிலாந்து வண்டி’ ஒருபுறம், ‘நாட்டு வண்டி’ மறுபுறம். நாட்டிங்ஹாமின் ராலே, பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ், கோவென்ட்ரியோடு தொடர்புடைய ரட்ஜ், வுல்வர்ஹாம்டனின் சன்பீம் ஆகியவை முதல் வரிசை. இவற்றுக்கு வாங்குவோர் உண்டு, விலையும் உண்டு. அட்லஸ், ஹிந்த், சென்-ராலே, ஹீரோ ஆகியவை இரண்டாம் வரிசை. இவை பெரும்பாலும் எடைக்குப் போகின்றன.

இந்தத் தரம்பிரிப்பைச் சந்தை செய்கிறது, குடும்பம் ஏற்கிறது. திரட்டியவரே பல வேளைகளில் அவ்வாறுதான் அடுக்கி வைத்திருப்பார். ஆனால் வரலாற்றுச் சான்று என்ற அளவில் பார்த்தால் இந்த வரிசை தலைகீழானது.

ராலே நிறுவனத்தின் ஆவணங்கள் நாட்டிங்ஹாம்ஷயர் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆங்கில மிதிவண்டிகளின் விலைப்பட்டியல்களையும் உதிரிபாகப் படங்களையும் தேடித் தொகுக்கும் ஆர்வலர் சங்கங்கள் பிரிட்டனில் பல்லாண்டுகளாக இயங்குகின்றன. புனேயில் ஒரு நாட்டிங்ஹாம் ராலே காயலான் கடைக்குப் போனால் ஒரு நல்ல வண்டி போகும். அறிவில் பெரிய ஓட்டை விழாது. ஒரு ஹிந்த் வண்டியின் நிலை வேறு. பம்பாயில் விடுதலைக்கு முன்பே மிதிவண்டி உற்பத்தியில் இறங்கிய நிறுவனம் ஹிந்த் சைக்கிள்ஸ். வங்கத்தில் சுதிர் குமார் சென் ராலேயுடன் கைகோத்து அசன்சோலில் நிறுவிய ஆலை சென்-ராலே. இரண்டும் நலிந்தன, 1980இல் இவ்விரண்டையும் ஒரே சட்டத்தின்வழி நடுவண் அரசு நாட்டுடைமையாக்கியது. ஆயினும் அவை பிழைக்கவில்லை. 1951இல் சோனிப்பட்டில் தொடங்கிய அட்லஸ், தன் சாகிபாபாத் ஆலையின் உற்பத்தியை 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது. அன்று உலக மிதிவண்டி நாள் என்பதைச் செய்தித்தாள்கள் சுட்டிக்காட்டத் தவறவில்லை. ஓர் ஆலை மூடப்படும்போது நிலத்துக்கும் கட்டடத்துக்கும் கடன் கொடுத்தவர்கள் உரிமை கோருவார்கள். வரைபடங்களுக்கும் மாதிரிப் பட்டியல்களுக்கும் யாரும் கோருவதில்லை. அத்தகைய ஆலைகள் எதைச் செய்தன, எப்படிச் செய்தன என்பதற்கு எஞ்சும் நேரடிச் சான்று அவை செய்த வண்டிகளே. அவைதாம் 20 கிலோ வீதம் தராசில் ஏறுகின்றன.

‘இங்கிலாந்து’, ‘நாடு’ என்ற எல்லைக்கோடும் அவ்வளவு நேரானதன்று. 1949இல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னைக்கு அருகே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின, பர்மிங்ஹாமின் ஹெர்குலிஸ் அதன்பின் அம்பத்தூரின் ஹெர்குலிஸ் ஆயிற்று. அசன்சோலிலும் ராலே என்ற பெயரிலேயே வண்டிகள் வெளிவந்தன. பெயர் ஒன்று, பிறப்பிடம் இரண்டு. 1950களின் ஒரு ஹெர்குலிஸ் வண்டியில் எந்தப் பகுதி கப்பலில் வந்தது, எந்தப் பகுதி இங்கே வார்க்கப்பட்டது என்பதைச் சட்டகத்தையும் ஃபோர்க்கையும் மையக்குடத்தையும் தனித்தனியே பார்த்தால்தான் சொல்ல முடியும். இறக்குமதிக்கு மாற்றான உற்பத்தி என்று பொருளியல் நூல்கள் ஒரு சொற்றொடரில் கூறிக் கடப்பது இரும்பில் எப்படி நடந்தது என்பதை இந்தக் கலப்பு வண்டிகள் காட்டுகின்றன. சந்தையோ இவற்றை ‘கலப்படம்’ என்று தள்ளுபடி செய்கிறது.

ஒரு வண்டியைப் படிக்கும் முறை கடினமானதன்று, பொறுமை வேண்டும். பல்சக்கரத்தின் வெட்டுருவம் பலவற்றைச் சொல்லிவிடும். நாரைத் தலைகள் இருந்தால் ராலே; விரித்த கை இருந்தால் ரட்ஜ்; வரிசையாக நிற்கும் மனித உருவங்கள் இருந்தால் ஹம்பர். பி.எஸ்.ஏ.யின் சின்னம் சாய்த்து அடுக்கிய மூன்று துப்பாக்கிகள். அந்நிறுவனம் 1861இல் ஆயுதத் தொழிற்சாலையாகத் தொடங்கியது என்பதன் நினைவு அது. ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேகப் பின்குடம் இருந்தால் அதன் மேல் உற்பத்தி ஆண்டைக் குறிக்கும் எண் பொறிக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு மிகுதி. சட்டகத்தின் எண் இருக்கைக் கம்பத்தருகிலோ, பெடல் அச்சின் அடியிலோ, பின் சக்கரம் மாட்டும் முனையிலோ இருக்கும்.

எனினும் இச்சான்றுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பின்குடத்தில் உள்ள ஆண்டு பின்குடத்தின் ஆண்டு; வண்டியின் ஆண்டன்று. இந்தியாவில் ஒரு மிதிவண்டி முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடியது. அந்தக் காலத்துக்குள் சக்கரமும் இருக்கையும் ஃபோர்க்கும் மாறியிருக்கலாம். கல்வெட்டு பொறிக்கப்பட்ட கல் பிற்காலக் கோயில் திருப்பணியில் இடம்மாறிப் பதிக்கப்படுவதைப் போன்றதே இதுவும். கல்வெட்டாய்வில் கடைப்பிடிக்கும் எச்சரிக்கை இங்கும் தேவை.

தொழிற்சாலை பொறித்தவற்றைவிட மதிப்புள்ளவை, தொழிற்சாலையை விட்டு வந்தபின் ஏறியவை. சட்டகத்தில் ஒட்டியிருக்கும் விற்பனை முகவரின் சிறு பெயர்ச்சீட்டு, அந்த வண்டி எந்தத் துறைமுகத்தின் வழியே எந்த மாவட்டத் தலைநகருக்குச் சென்றது என்பதைச் சொல்லும். நகராட்சிகள் மிதிவண்டிக்கு ஆண்டுவரி தண்டிய காலத்தில் வழங்கிய உலோக வில்லை, ஊரையும் ஆண்டையும் ஒருசேரச் சொல்லும். செயின் கவரில் தீட்டிய பெயர் உரிமையாளரைச் சொல்லும். பின்னால் அகலமாக்கிப் பற்றவைத்த கேரியர், பால்குடம் சுமந்த வண்டி என்பதைச் சொல்லும். சட்டகத்தோடு சாணைக்கல் பொருத்திய தடம், அது ஒருவரின் பட்டறையாகவே இருந்தது என்பதைச் சொல்லும். ஆனால் விற்பனைக்கு முன் ‘பளிச்சென்று’ ஆக்கும் வேலையில் முதலில் போவது இவைதாம். அமிலத்தில் துரு போகும். துருவோடு முகவரின் சீட்டும் போகும். புதுக்கறுப்பு ஏறும், அதன் அடியில் பெயர் மறையும். சேர்ப்பவர்களிடையே ‘அசல்’ என்பது தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் தோற்றத்தைக் குறிக்கிறது. வரலாற்றுக்கு அசல், அது உழைத்த நாள்களின் தோற்றம்.

திரட்டு எதைச் சேர்த்தது என்பதைப் போலவே எதைச் சேர்க்கவில்லை என்பதும் கேள்விக்குரியது. வழக்கறிஞரும் தலைமையாசிரியரும் ஓட்டிய வண்டி திண்ணையில் நின்றது; எண்ணெய் கண்டது; பிழைத்தது. ஆலைத் தொழிலாளியும் பால்காரரும் ஓட்டிய வண்டி தேயும்வரை ஓடி உதிரிகளாகக் கரைந்தது. ஆகவே எஞ்சியவற்றைக் கொண்டு ‘அக்காலத்தில் இவ்வகை வண்டிகளே ஓடின’ என்று முடிவுகட்டுவது பிழை. வண்டியின் வடிவமும் பயன்படுத்தியவரை முழுதும் காட்டிக்கொடுப்பதில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றபோது, பெண்களுக்கான வண்டிகள் போதாமல் குறுக்குக் கம்பி கொண்ட ஆண்கள் வண்டிகளையே பலர் ஓட்டினர் என்பதை பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அவற்றுள் ஒன்று இன்று ஒரு திரட்டில் இருந்தால், யாரேனும் சொன்னாலன்றி அந்தக் கதை சட்டகத்தில் தெரியாது.

அந்த ‘யாரேனும் சொன்னாலன்றி’ என்பதில்தான் இழப்பின் மையம் இருக்கிறது. திரட்டுவோர் பலர் ஒரு குறிப்பேடு வைத்திருப்பார்கள்: எந்த ஊரில், யாரிடம், என்ன விலைக்கு, எந்த நிலையில் வாங்கினார்கள் என்ற சில வரிகள். குறிப்பேடு இல்லாதவர்களுக்கு அது நினைவில் இருந்தது. நினைவு அவர்களோடு போய்விட்டது. குறிப்பேடு இருந்த வீட்டிலும் அது பழைய இரசீதுகளோடும் உரிமச் சீட்டுகளோடும் செய்தித்தாள் கட்டில் சேர்ந்து எடைக்குப் போகிறது. வண்டிகளை விற்கலாமா கூடாதா என்று மூன்று மாதம் விவாதித்த குடும்பமும் காகிதத்தைப் பற்றி மூன்று நிமிடம் விவாதிப்பதில்லை. ஆவணக் காப்பியலில் ‘மூல ஒழுங்கு’ என்றொரு கொள்கை உண்டு: ஆவணங்களை உருவாக்கியவர் அவற்றை எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அந்த வரிசையும் ஒரு சான்று, அதைக் கலைக்கலாகாது. அலுவலகக் கோப்புகளுக்கு ஏற்றுக்கொண்ட அந்தக் கொள்கையைக் கொட்டகையில் வரிசையாய் நிற்கும் வண்டிகளுக்கும் நீட்டிப்பதில் தவறில்லை. எந்த வண்டியை அவர் வாசலருகே வைத்தார், எதைச் சுவரோரம் சாய்த்தார், எதன் விளக்கைக் கழற்றி எதில் மாட்டினார் என்பதெல்லாம் ஒரு மனம் செய்த வகைப்பாட்டின் தடங்கள்.

சந்தைக்கு அந்த ஒழுங்கு தேவையில்லை. தனித்தனியே பிரித்தால் வரும் தொகை, முழு வண்டிக்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாக இருப்பதே இத்தொழிலின் இயல்பு. பர்மிங்ஹாமின் புரூக்ஸ் தோல் இருக்கை ஒருவருக்கு. லூகாஸ் விளக்கு மற்றொருவருக்கு. தலைப்பகுதியின் பித்தளைச் சின்னம் வேறொரு நகரத்துக்கு. எனாமல் விளம்பரப் பலகை காப்பிக்கடைச் சுவருக்கு. எஞ்சிய சட்டகம் தராசுக்கு. ஒரு திரட்டு பிறரிடம் போவதற்கும் ஒரு வண்டி இவ்வாறு சிதறுவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் பொருள் இடம்மாறுகிறது, பின்னதில் இல்லாமலாகிறது.

இவ்விடத்தில் வாரிசுகளைக் குறை சொல்வது எளிது, நியாயமன்று. அசையும் சொத்தாகிய இத்திரட்டு, உயில் இல்லாத இந்துக் குடும்பத்தில் 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், உயிரோடிருந்தால் இறந்தவரின் தாய் ஆகியோருக்குச் சமபங்காகச் சேரும். நிலத்தைப் போல இதை அளந்து கூறுபோட முடியாது. நகையைப் போல நிறுத்தும் பிரிக்க முடியாது. ஒருவர் விற்கவேண்டும் என்பார். ஒருவர் அப்பாவின் நினைவு என்பார். வெளியூரில் இருப்பவர் முடிவு சொல்லமாட்டார். அதற்குள் இரண்டு மழைக்காலம் கடந்துவிடும். விற்காமல் வைத்திருப்பது காப்பதாகாது. கூரை ஒழுகும் கொட்டகையில் அது மெல்ல விற்பதேயாகும், துருவுக்கு. மருத்துவச் செலவின் கடன் மிச்சமிருக்கும் வீட்டில், ‘வரலாற்றுக்காக வைத்திருங்கள்’ என்று வெளியார் சொல்வதற்கு எந்த உரிமையும் இல்லை. அருங்காட்சியகங்களும் இலவசமாகக் கொடுத்தாலும் பெற்றுக்கொள்ள இடமின்றி மறுக்கக்கூடும். ஆகவே கேள்வி விற்கலாமா என்பதன்று. விற்பதற்கு முன் என்ன செய்யவேண்டும் என்பதே.

சட்டத்தின் பக்கமும் ஒரு குறிப்பு தேவை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய, வரலாற்று ஆர்வத்துக்குரிய பொருள்களையும், கடந்த காலத்தின் அறிவியலையோ கைவினையையோ எடுத்துக்காட்டும் பொருள்களையும் தொல்பொருள் என்று வரையறுக்கிறது. தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. சட்டம் இயற்றப்பட்டபோது மிதிவண்டியை யாரும் மனத்தில் கொண்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் காலம் நகர்ந்துவிட்டது. முதல் உலகப்போருக்கு முந்திய வண்டிகள் நூறாண்டைத் தாண்டிவிட்டன. ஒரு மிதிவண்டி இந்த வரையறைக்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. வெளிநாட்டிலிருந்து நல்ல விலை கேட்டுக் கடிதம் வரும் குடும்பம், இந்தியத் தொல்லியல் துறையின் வல்லுநர் குழுவிடம் கருத்துக் கேட்டுக்கொண்டு மேலே செல்வது பாதுகாப்பானது.

மதிப்பீடு செய்ய இக்குடும்பங்கள் அழைப்பது பெரும்பாலும் இறந்தவருக்குப் பழுதுபார்த்துக் கொடுத்த மிஸ்திரியைத்தான். அவர் இடம் சிக்கலானது. எந்த வண்டி எங்கிருந்து வந்தது, எதற்கு எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதெல்லாம் தெரிந்த ஒரே மனிதர் அவர். அவரே சில வண்டிகளை வாங்க விரும்புபவராகவும் இருப்பார். ஆகவே அவர் சொல்லும் விலையைக் குடும்பம் ஐயுறுகிறது. அந்த ஐயத்தில் அவர் சொல்லும் வரலாற்றையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. விலைக்கு இன்னொருவரைக் கேட்கலாம். வரலாற்றுக்கு அவரை விட்டால் ஆளில்லை. லூதியானாவின் சிறுபட்டறைகளிலும் பிரிவினையில் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் கைகளிலும் வளர்ந்த ஒரு தொழிலின் வரலாற்றில், மிஸ்திரியின் பெயர் எந்த அறிக்கையிலும் வராதது தற்செயலன்று. கைவினை அறிவை அறிவாகக் கருதாத பழக்கம் ஆய்வுலகத்துக்கும் உண்டு.

விற்பதற்கு முன் செய்யவேண்டியவை சிலவே. இரண்டு நாள் வேலை. எதையும் துடைக்காமல், நகர்த்தாமல் கொட்டகை முழுவதையும் ஒருமுறை படம் எடுப்பது. பிறகு ஒவ்வொரு வண்டியையும் செயின் இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு படம். சட்டக எண், தலைச்சின்னம், முகவர் சீட்டு, நகராட்சி வில்லை, தீட்டிய பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படம். குறிப்பேடும் இரசீதுகளும் இருந்தால் பக்கம் பக்கமாகப் படியெடுப்பது. மிஸ்திரியையும் வீட்டுப் பெரியவர்களையும் வண்டிகளின் முன்னால் நிறுத்திப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்வது. எந்த வண்டி யாருக்குப் போயிற்று என்று ஒரு பட்டியல். இவற்றின் படி ஒன்று அவ்வூர்க் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் இருந்தால் போதும். விற்பனைத் தொகையில் ஒரு ரூபாயும் குறையாது. வரலாறு தெரிந்த வண்டிக்கு விலை கூடினும் கூடும். மூடப்பட்ட இந்திய ஆலைகளின் வண்டிகளில் வகைக்கு ஒன்றையேனும் முழுதாக ஒருவரிடம் சேர்க்க முடிந்தால் அது பெரிய தொண்டு.

முதுகலை மாணவர்களுக்குக் களப்பணித் தலைப்பு கிடைப்பதில்லை என்ற குறை துறைகளில் அடிக்கடி கேட்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் இத்தகைய கொட்டகை ஒன்றேனும் இருக்கக்கூடும். அதன் சாவி இன்று யாரோ ஒரு முதியவரிடம் இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போதே போய்ப் பேசுவது நல்லது. அவருக்குப் பின் சாவி கைமாறும். கைமாறிய சில வாரங்களில் தராசு வந்து நிற்கும். தராசு எடையைச் சரியாகத்தான் சொல்லும். அதற்குத் தெரிந்தது அவ்வளவே.